கரிமக் கடனா, கரிம வரவா?

புதுப்பொருள் ஒன்று நாட்டிற்குள் புகும்போது அதற்கொரு பெயரும் உடன் புகுகிறது. பெயர் பொருளோடு பொருந்தி அமைந்தால் கற்பார்க்கு ஐயம் எழுவதில்லை. பொருந்தாது அமைந்தால், பெயரைக் கற்றவர் பொருளைக் கற்றதாக எண்ணி அமைந்துவிடுவர். அண்மைக் காலத்தில் தமிழ் நாளேடுகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் தலைகாட்டும் ‘கார்பன் கடன்’ என்னும் தொடர் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

‘சமையற் கழிவை எருவாக்கினால் கார்பன் கடன் கிடைக்கும்’ என்று ஒரு மாணவன் எழுதுகிறான் எனக் கொள்வோம். யார் கொடுக்கும் கடன் அது? வட்டி உண்டா? என்று திருப்பித் தருவது? இவ்வினாக்களில் ஒன்றற்கும் அவனிடம் விடை இல்லை. ஆசிரியரும் அத்தொடரைப் பிழை என்று அடிப்பதில்லை. அச்சில் கண்ட சொல்லாயிற்றே என்று விட்டுவிடுகிறார். சொல்லில் நேர்ந்த இப்பிழை கருத்தையும் கணக்கையும் எவ்வாறு மறைக்கிறது என்பது ஆராய்தற்குரியது.

சொல்லின் பிழை

ஆங்கிலத்தில் ‘கிரெடிட்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. கடை முதலாளி நம்பிச் சரக்குக் கொடுத்தால் அதுவும் கிரெடிட். வங்கி தரும் கடனும் கிரெடிட். கணக்கேட்டில் ஒருவர் பெயரில் வரவு வைப்பதும் கிரெடிட். ஒருவர் செய்த நற்செயலுக்கு அவருக்குரிய பெருமையைக் கொடுப்பதும் கிரெடிட். கரிமத்தைப் பற்றிய தொடரில் அச்சொல் கணக்கேட்டுப் பொருளிலேயே வருகிறது. மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து முதலில் கண்ட ‘கடன்’ என்பதை எடுத்துக்கொண்டார். ‘பற்று’, ‘வரவு’ என்னும் இரு சொற்களையும் தமிழ்க் கணக்கர் காலங்காலமாக ஆண்டு வந்திருக்கின்றனர். மலாயா நகரங்களில் நகரத்தார் கிட்டங்கிகளில் இருந்த ஏடுகளும் இவ்விரு சொற்களால் நிறைந்தவையே. ஆதலின் ‘கரிம வரவு’ என்பதே பொருந்திய மொழியாக்கம்.

கணக்கேடு என்றதும் இரு பக்கம் உண்டு என்பது நினைவுக்கு வருகிறது. எருவாக்கியவன் பக்கத்தில் ஒரு டன் கரிவளிக்கு நிகரான வரவு எழுதப்படுகிறது. அதை விலை கொடுத்து வாங்குவோன் ஓர் ஆலையோ விமான நிறுவனமோ ஆகலாம். தான் வானில் விட்ட ஒரு டன் கரிவளிக்கு ஈடாக அவ்வரவை அவன் காட்டுகிறான். கடன் என்று ஒன்று உண்டெனில் அது வாங்குவோன் பக்கத்தில் இருக்கிறது. விற்போனைக் கடன் பெற்றவன் என்பது கணக்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதாகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வரவு பொய்யாக இருந்தால் வாங்கியவனுடைய கரிவளி வானில் இருக்கும். அதற்கு ஈடு எதுவும் இராது. எனவே ஒவ்வொரு வரவும் உண்மையா என்னும் வினா வெறும் கணக்கர் வினா அன்று.

வாரா வளியின் வரவு

எருவாக்கத்தால் வரும் வரவு எதனால் வருகிறது? பலரும் எண்ணுவதுபோல எருவின் எடைக்காக வருவதில்லை. வராமற்போன ஒரு வளிக்காக வருகிறது.

காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் குப்பைமேட்டின் அடியில் புதையும்போது அங்குக் காற்றில்லை. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேன் என்னும் வளியை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் காலத்தை அளவாகக் கொண்டால், ஒரு கிலோ மீத்தேன் புவியைச் சூடாக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 28 கிலோ கரிவளிக்கு நிகர் என்பது இன்று ஆளப்படும் கணக்கு. கியோட்டோ உடன்படிக்கையின் முதற் காலப்பகுதியில் இவ்வெண் 21 ஆக இருந்தது. 2013 முதல் 25 ஆயிற்று. அதே கழிவைக் காற்றோட்டமாகக் குவித்து, ஈரம் பார்த்து, புரட்டிக் கொடுத்தால் காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் அதனை எருவாக்குகின்றன. அப்போதும் கரிவளி வரும். ஆயினும் அது செடி காற்றிலிருந்து எடுத்ததைக் காற்றுக்கே திருப்பித் தருவதாதலின் கணக்கில் சேர்வதில்லை.

ஒரு டன் உணவுக் கழிவை எடுத்துக்கொள்ளலாம். பன்னாட்டுத் தட்பவெப்பக் குழுவின் பொது அளவைகளின்படி அதில் சிதையக்கூடிய கரிமம் ஏறக்குறைய 150 கிலோ. அதிற் பாதி உண்மையில் சிதைகிறது. சிதைந்ததிற் பாதி மீத்தேனாகிறது. ஆழ்ந்து இறுகிய குப்பைமேட்டில் இவ்வாறு 50 கிலோ மீத்தேன் தோன்றும். அது 1,400 கிலோ கரிவளிக்கு நிகர். ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள திறந்த குப்பைமேடாயின் மேலடுக்கில் காற்றுப் புகும். மீத்தேன் 20 கிலோவாகக் குறையும். நிகர் 560 கிலோ.

எருக்குவியலும் குற்றமற்றது அன்று. அதிலிருந்தும் டன்னுக்கு 4 கிலோ மீத்தேனும் கால் கிலோ நைட்ரசு ஆக்சைடும் கசியும் எனக் கொள்வது வழக்கம். இவற்றின் நிகர் ஏறக்குறைய 180 கிலோ. இதனைக் கழித்தால் ஆழ்ந்த மேட்டுக்குச் செல்லவிருந்த கழிவுக்கு 1,220 கிலோவும், ஆழமற்ற மேட்டுக்குச் செல்லவிருந்த கழிவுக்கு 380 கிலோவும் வரவாகின்றன. கழிவு ஒன்று, எரு ஒன்று, உழைப்பும் ஒன்று. வரவு மட்டும் மும்மடங்கு வேறுபடுகிறது. மேலும் குப்பைமேட்டில் மீத்தேன் ஒரே நாளில் தோன்றுவதில்லை, ஆண்டாண்டாகத் தோன்றுகிறது. வரவும் அவ்வாறே சில ஆண்டுகளுக்குப் பிரிந்தே வரும்.

கமுந்திங் மண்

இக்கணக்கு ஏட்டோடு நின்றுவிடாமல் ஓர் ஊரில் வைத்துப் பார்க்கத் தக்கது. பேராக்கில் தைப்பிங்கை அடுத்துள்ள கமுந்திங்கின் பெயரைப் பலரும் அங்கிருந்த தடுப்பு முகாமால் அறிவர். அவ்வூருக்கு அதனினும் பழைய வரலாறு உண்டு. 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்கு முன் கிளியான் பாரு எனப்பட்ட ஈயச் சுரங்க ஊர் அது. ஈயம் தோண்டியவர் மேல்மண்ணைக் கழுவி மணலை விட்டுச் சென்றனர். பேராக்கின் பழைய ஈய நிலங்கள் பலவற்றிலும் இன்றும் அம்மணலே கிடக்கிறது. அதில் நீர் நில்லாது, உரம் நில்லாது, மக்கிய பொருள் இல்லாது பயிரும் நில்லாது.

ஈயத்தை அடுத்து ரப்பர் வந்தது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தமிழர் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டினர். வெண்டையும் கத்தரியும் முருங்கையும் வைத்தனர். சாணமும் சாம்பலும் சமையற் கழிவும் எருக்குழிக்குப் போயின. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்க்கு எருக்குழி தோண்ட ஒரு சாண் மண்ணும் இல்லை. முன்னர்க் குழிக்குப் போன தோல் இன்று நெகிழிப் பையில் கட்டப்பட்டுக் குப்பை வண்டிக்குப் போகிறது.

மழையையும் மறத்தலாகாது. தைப்பிங் வட்டாரம் தீபகற்பத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் இடம். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். கூரையின்றிக் குவித்த எரு அம்மழையில் நனைந்து ஊறிக் காற்றடைத்து அழுகும். எந்த மீத்தேனைத் தவிர்க்கக் குவித்தனரோ அதே மீத்தேன் குவியலின் உள்ளிருந்தே எழும். ஆகவே கமுந்திங்கில் எருவாக்கம் கூரையோடு தொடங்க வேண்டும். அதனைச் சொல்லாது வரவை மட்டும் சொல்வது பாதிப் பாடம்.

இந்தூரிலிருந்து டாக்கா வரை

எருவாக்கம் ஒழுங்கான முறையாக எழுதப்பட்டது இந்தியாவில். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு ஆய்ந்து வகுத்து, யசுவந்து வாடு என்பாருடன் 1931-இல் நூலாக வெளியிட்ட முறை ‘இந்தூர் முறை’ என உலகெங்கும் பெயர் பெற்றது. இலைதழையும் சாணமும் மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காக இட்டு, முறையாகப் புரட்டி, மூன்று திங்களில் எருவாக்குவது அது. ஹோவர்டின் நோக்கம் மண். மீத்தேன் அவர் கணக்கில் இல்லை.

எருவுக்கு வானத்துக் கணக்கு வந்தது கியோட்டோ உடன்படிக்கைக்குப் பின்னர். 1997-இல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கை, வளரும் நாடுகளில் தவிர்க்கப்பட்ட வளிக்குச் சான்று வழங்கி, அதனைச் செல்வ நாடுகள் வாங்க வழிசெய்தது. மலேசியா 2002-இல் அதனை உறுதிசெய்தது. வங்காள தேசத்தில் டாக்கா நகரின் மாத்துவாயில் குப்பைமேட்டை முன்னிட்டு எழுந்த எருவாக்கத் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 2005-இல் ஒரு கணக்கு முறை ஏற்கப்பட்டது. ‘வேஸ்ட் கன்சர்ன்’ என்னும் நிறுவனம் டாக்காவின் காய்கறிச் சந்தைக் கழிவைத் திரட்டிப் புல்தா என்னுமிடத்து ஆலையில் எருவாக்கிற்று. ஏழை நகரொன்றின் சந்தைக் கழிவு உலக ஏட்டில் வரவாகலாம் என்பதற்கு அது முதற் சான்றுகளுள் ஒன்று.

மலேசியாவில் இவ்வழி செம்பனை ஆலைகளுக்கே மிகுதியும் பயன்பட்டது. ஆலைக்கு வரும் பழக்குலையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறுங்குலையாக எஞ்சுகிறது. ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கு மேற்பட்ட கழிவுநீரும் வருகிறது. அந்நீரை ஆழ்குளங்களில் தேக்கினால் மீத்தேன் கொப்புளித்து எழும். வெறுங்குலையைச் சிதைத்து நீள்குவியலாக்கி, கழிவுநீரை அதன்மேல் தெளித்து, புரட்டிப் புரட்டி எருவாக்கினால் குளத்து மீத்தேன் குறைகிறது. தோட்டத்துக்கு எருவும் கிடைக்கிறது. அளவு பெரிதாதலின் அளப்போர்க்கும் சான்று தருவோர்க்கும் கொடுக்கும் கூலி கட்டுபடியாயிற்று.

ஆனால் விலை நிலைக்கவில்லை. 2008-இன் நடுவில் 20 யூரோவுக்கு மேல் விற்ற சான்று 2012-இன் இறுதியில் ஒரு யூரோவும் பெறவில்லை. வரவை நம்பிக் கட்டிய கொட்டகைகள் எருவின் விலையை மட்டுமே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. மலேசியப் பங்குச் சந்தை 2022 டிசம்பரில் தன்னார்வக் கரிமச் சந்தையைத் தொடங்கிற்று. சபாவின் குவாமுட் காட்டுக் காப்புத் திட்டத்து வரவு 2024-இல் அங்கு 50 ரிங்கிட்டுக்கு ஏலம் போயிற்று. அது காட்டு வரவு. எருவுக்கு அவ்விலை உறுதி அன்று.

பள்ளிக்கு எவ்வளவு?

இவ்விலையே எருவுக்கும் கிடைத்ததாகக் கொண்டு, ஒரு தமிழ்ப்பள்ளியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிற்றுண்டிச்சாலைக் கழிவு நாளொன்றுக்கு 20 கிலோ. பள்ளி நடப்பது ஆண்டுக்கு 190 நாள் என்க. ஆண்டுக் கழிவு 3.8 டன். ஆழ்ந்த மேட்டுக்குச் செல்லவிருந்த கழிவாயின் வரவு நாலரை டன்னை ஒட்டி நிற்கும். ஆழமற்ற மேடாயின் ஒன்றரை டன்னை எட்டாது. பணமாக்கினால் 230 ரிங்கிட். அல்லது 70 ரிங்கிட். ஒரு திட்டத்தைப் பதிந்து, அளந்து, வெளியார் வந்து சரிபார்த்துச் சான்று தருவதற்குப் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். சிறு திட்டங்கள் பலவற்றை ஒரு குடைக்கீழ்ச் சேர்க்கும் வழியும் உண்டெனினும், ஒரு பள்ளி தனித்து நின்று கரிம வரவு பெறும் என்பது நடவாத செய்தி.

ஆகவே ‘எருவாக்கினால் கார்பன் கடன் கிடைக்கும்’ என்னும் கட்டுரை வரி சொல்லாலும் பிழை, பொருளாலும் பிழை. அதனை நம்பித் தொடங்கிய எருத்தொட்டி, பணம் வாராத இரண்டாம் ஆண்டிலேயே கைவிடப்படும். ஈண்டுப் பொய்த்த சொல் ஒரு நற்பழக்கத்தைக் கெடுக்கிறது.

கணக்கின் குறைகள்

இனி, கரிம வரவு என்னும் ஏற்பாட்டையே எடை போடலாம். அதன்பால் மூன்று குறைகள் புலனாகின்றன.

முதலாவது, அது தீமையின் அளவைக் கொண்டு நன்மையை அளக்கிறது. மேடு ஆழ்ந்து மீத்தேன் மிகுந்திருக்குமளவு வரவு மிகுகிறது. நகராண்மைக் கழகம் தன் குப்பைமேட்டில் குழாய் பதித்து மீத்தேனைப் பிடித்து எரிக்கத் தொடங்கினால் எருவாக்குவோனுடைய வரவு குறைகிறது. ஓர் ஊர் திருந்தத் திருந்த அவ்வூரில் எருவின் கரிம விலை தேய்கிறது.

இரண்டாவது, அது என்றும் நல்லது செய்தவனை நோக்குவதில்லை. வரவுப் பணம் இல்லாவிடினும் நடந்திருக்கும் செயலுக்கு வரவு இல்லை என்பது விதி. லயத்துப் பாட்டி ஐம்பது ஆண்டு எருக்குழியில் சாணமும் தோலும் இட்டாள். மேட்டுக்கு ஒரு கைப்பிடியும் அனுப்பவில்லை. ஆதலின் அவள் தவிர்த்தது எதுவும் இல்லை என்கிறது கணக்கு. ஐம்பது ஆண்டு கழிவைக் குளத்தில் தேக்கியவன் இன்று திருந்தினால் வரவு பெறுகிறான்.

இவ்விதியைக் கொடிது என்று உடனே தள்ளுதல் நேர்மையன்று. எப்படியும் நடக்கவிருந்த செயலைக் காட்டி வரவு விற்றால், அதனை வாங்கியவன் விடும் வளிக்கு ஈடாக வானில் ஒன்றும் குறைந்திராது. பாட்டிக்கு வரவு மறுக்கப்படுவது அவள் செயல் சிறிது என்பதாலன்று. அவள் பெயரைச் சொல்லி வேறொருவன் புகைவிடக் கூடாது என்பதால். விதி நேரியது. அவ்விதி அளப்பது ஒன்றே எருவின் மதிப்பு என்று எண்ணுவதுதான் தவறு.

மூன்றாவது குறை அதனினும் பெரிது. எரு மண்ணுக்குப் போனதா என்று இக்கணக்கு கேட்கும். மண் என்ன ஆயிற்று என்று கேளாது. ஈயம் தோண்டிய மணலில் எரு சேர்ந்து நீர் நின்றதும், கீரை முளைத்ததும், விலைக்கு வாங்கும் உரம் குறைந்ததும் ஏட்டில் ஏறா. ஹோவர்டு எதற்காக எருவாக்கினாரோ அது முழுதும் கணக்குக்கு வெளியே நிற்கிறது.

வள்ளுவர் வைத்த வரிசை

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் திருக்குறளின் உழவு அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. அதில் அடுத்தடுத்து நிற்கும் இரு குறள்கள் மேலோட்டமாக நோக்குவார்க்கு முரண்போலத் தோன்றும். 1037-ஆம் குறள், உழுத மண் ஒரு பலம் கால் பலமாகக் காயுமாயின் பிடி எருவும் வேண்டா என்கிறது. 1038-ஆம் குறள், உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறது. எரு வேண்டாமா, தலையாயதா என்று மாணவன் கேட்டால் விடை முன்னதிலுள்ள ‘உணக்கின்’ என்னும் நிலைப்பாட்டில் இருக்கிறது. மண் அவ்வளவு காய வேண்டும். காயும் நாட்டுக்கு அக்குறள். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கமுந்திங்கில் ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காய்வது எங்கே? அவ்வூர்க்குரியது பின்னதே. அக்குறளின் பிற்பகுதி, நீர் பாய்ச்சுதலினும் காத்தல் நன்று என முடிகிறது. எருவை இட்டபின் காக்கவும் வேண்டும் என்று வரிசை வைத்தவர், அதனை வரவுக்காக இடு என்று சொல்லவில்லை; விளைவுக்காக இடு என்றார்.

பழந்தமிழில் ‘கடன்’ என்பதற்குக் கடமை என்னும் பொருளும் உண்டு என்பது ஆசிரியர் அறிந்ததே. ஒப்புரவைக் கைம்மாறு கருதாத கடப்பாடு எனக் குறள் கொள்ளும்போது அவ்வேர்ப்பொருளே விளங்குகிறது. இவ்வாறு நோக்கின், மொழிபெயர்ப்பில் தவறி விழுந்த ‘கடன்’ வேறொரு வாயிலில் உரிய இடம் பெறுகிறது. ஆலை பெறுவது கரிம வரவு. வளி விட்டு அதனை வாங்குவோன் தீர்ப்பது கரிமக் கடன். லயத்துப் பாட்டி வரவு கருதாது ஆற்றியதும் கடனே, கடமை என்னும் பொருளில். மூன்றையும் ஒரே தொடரால் குறித்து மயங்கியதே இதுவரை நேர்ந்த பிழை.

ஆதலின் மாணவன் ஏட்டில் ‘கார்பன் கடன் கிடைக்கும்’ என்று இருப்பின் ஆசிரியர் அதனை அடித்து, ‘கரிம வரவு’ என்று திருத்தி, ‘யாருக்கு, எதற்கு ஈடாக?’ என்று ஓரத்தில் எழுதுதல் வேண்டும். செம்பனை ஆலையும் நகரச் சந்தையும் வரவைத் தேடட்டும். அளவு பெரிது, அவற்றிற்கு அது தகும். பள்ளியின் எருத்தொட்டிக்கு வேண்டுவது மேலே ஒரு கூரையும், வாரம் ஒருமுறை புரட்ட ஒரு கையும், அருகில் ஒரு கீரைப் பாத்தியும். கமுந்திங் மணலில் அப்பாத்தி பசுமையாக நிற்குமாயின், அவ்வரவை எழுத வேறு ஏடு வேண்டுவதில்லை.